ஒலிப்பதிவு மென்பொருளில் சமிக்ஞையின் பாதை: இன்சேர்ட்டும் செண்டும்

மாணவர்களே, ஒலியைப் பற்றி நீங்கள் இரண்டு பாடங்களில் கற்கிறீர்கள். விஞ்ஞானத்தில் மீடிறன், வீச்சம், தெறிப்பு, எதிரொலி என்பன வருகின்றன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில் பல்லூடகம், இலக்கமுறை ஒலி, கோப்பின் பருமன் என்பன வருகின்றன. பலர் இவற்றை இரண்டு வெவ்வேறு கொப்பிகளில் எழுதி, இரண்டு வெவ்வேறு விடயங்களாகவே மனனம் செய்கின்றனர். கணினியில் ஒரு பாடலைப் பதிவுசெய்ய உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றாகவே தேவைப்படும். அவை சந்திக்கும் ஓர் இடத்தை, அதாவது ஒலிச் சமிக்ஞையை மென்பொருளுக்குள் எவ்வழியாக அனுப்புவது என்பதை, இங்கு நோக்குவோம்.

விளக்கத்துக்கு ஓர் உதாரணம் வேண்டும். பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலை நோக்கிச் செல்லும் ஏ5 வீதியில் லுணுகலை அமைந்துள்ளது. அதைச் சூழ ஹொப்டன், அடாவத்தை போன்ற தோட்டங்கள் உள்ளன. இவற்றுள் ஏதாவது ஒரு தோட்டத்தில், காமன் கூத்துப் பாடல்களைப் பாடவல்ல வயது முதிர்ந்த ஒரு கூத்து மாஸ்டரின் குரலைப் பதிவுசெய்ய உங்கள் வகுப்பு மாணவர் நால்வர் புறப்படுகின்றனர் என வைத்துக்கொள்வோம்.

காமன் கூத்து மாசி மாதத்தில் ஆடப்படுவது. மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிப்பதும் ரதியின் புலம்பலும் அதன் கதை. மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தோருள் முதன்மையானவர் சி.வி. வேலுப்பிள்ளை (1914 – 1984). அவரது ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பு அழிந்துபோகவிருந்த சொற்களைக் காத்துத் தந்தது. ஆயினும் அச்சிட்ட தாளில் மெட்டு இராது. பாடுபவரின் குரல் இராது. தப்பின் அடி இராது. அவற்றை ஒலிப்பதிவு மட்டுமே காக்கும். முதியவர் ஒருவர் இரண்டு மணிநேரம் அமர்ந்து பாடிவிட்டு எழுந்து போனால், அதே பாடலை அதே உயிர்ப்புடன் இன்னொரு நாள் பாடுவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே கைக்குக் கிடைத்த பதிவைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை செய்வது எப்படி என்பதே நம் முன் உள்ள கேள்வி.

பாதையின் படிகள்

உங்கள் பதிவில் நான்கு தடங்கள் (ட்ரெக்) உள்ளன என்க. முதலாவது தடம் மாஸ்டரின் குரல். இரண்டாவது பின்பாட்டு. மூன்றாவது தப்பு. நான்காவது தாளம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிவாங்கி வைக்கப்பட்டுள்ளது.

ஒலிவாங்கி, வளியின் அமுக்க மாற்றத்தை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அச்சமிக்ஞையைக் கணினியின் ஒலி அட்டை அல்லது வெளியே இணைக்கப்படும் ஒலி இடைமுகம் இலக்கமாக மாற்றுகிறது. செக்கனுக்கு 44,100 தடவை வீச்சத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிற்றுகளால் எழுதுவது இறுவட்டுக்களின் (சீடி) நியமம். இதன்படி ஒரு தனி (மோனோ) தடத்துக்குச் செக்கனொன்றுக்கு

44,100 × 16 ÷ 8 = 88,200 பைற்று

தேவை. பத்து நிமிடப் பாடலின் நான்கு தடங்களுக்கும் 88,200 × 600 × 4 = 211,680,000 பைற்று, அதாவது 1024ஆல் இருமுறை வகுக்க ஏறத்தாழ 202 மெகாபைற்று வரும். (ஒடாசிட்டி மென்பொருள் வழமையாக 32 பிற்றுகளில் சேமிப்பதால் அங்கு இது இருமடங்காகும். வன்தட்டில் இடமிருக்கிறதா என்று தோட்டத்துக்குப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு நடுவே நின்றபின் பார்ப்பதில் பயனில்லை.)

மென்பொருளினுள் நுழைந்த சமிக்ஞை ஒவ்வொரு தடத்திலும் ஒரு குறித்த ஒழுங்கில் பயணிக்கிறது. முதலில் அத்தடத்தில் பொருத்தப்பட்ட விளைவுகள் (எபெக்ட்). அடுத்து பேடர், அதாவது மேலும் கீழும் தள்ளி அளவைக் கூட்டிக் குறைக்கும் சறுக்கி. அதன்பின் இடமா வலமா என்று தீர்மானிக்கும் பான். இறுதியில் எல்லாத் தடங்களும் கூட்டப்படும் மாஸ்டர் தடம். அங்கிருந்து அது மீண்டும் மின் சமிக்ஞையாகி ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. உள்ளீடு, செயன்முறை, வெளியீடு என நீங்கள் கற்ற ஒழுங்குதான் இது. (மாஸ்டர் தடத்துக்கும் கூத்து மாஸ்டருக்கும் தொடர்பில்லை. எல்லாரையும் ஒன்றுசேர்த்து மேடைக்கு அனுப்புபவர் என்ற வகையில் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.)

‘கூட்டப்படும்’ என்ற சொல்லைக் கவனிக்குக. மாஸ்டர் தடம் உண்மையிலேயே எண்களைக் கூட்டுகிறது. ஒரே சமிக்ஞையின் சமமான இரு பிரதிகள் கூட்டப்பட்டால் வீச்சம் இருமடங்காகும். டெசிபெல்லில் இது ஏறத்தாழ 6 டெசிபெல் உயர்வு. இலக்கமுறை ஒலியின் உச்ச அளவு 0 டெசிபெல் எனப்படும். கோப்பாக வெளியேறும்போது அதற்கு மேற்பட்ட பகுதி வெட்டுப்பட்டுக் கரகரப்பாகக் கேட்கும்.

எதிரொலியும் எதிர்முழக்கமும்

எதிர் மலையை நோக்கிக் கூவினால் குரல் திரும்பி வரும். மலைச்சரிவு 510 மீற்றர் தூரத்தில் இருந்தால் ஒலி போய்வர 1,020 மீற்றர். ஒலியின் கதியைச் செக்கனுக்கு 340 மீற்றர் எனக் கொண்டால் 3 செக்கன் கழித்துக் கேட்கும். இது எதிரொலி. மூல ஒலியும் திரும்பிய ஒலியும் வெவ்வேறாகக் கேட்க அவற்றுக்கிடையே குறைந்தது 0.1 செக்கன் இடைவெளி வேண்டும் என்றும், அதற்குத் தெறிக்கும் பரப்பு குறைந்தது 17 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும் என்றும் கற்றிருப்பீர்கள்.

வகுப்பறையில் நடப்பது வேறு. சுவர் 6.8 மீற்றர் தூரத்தில் இருந்தால் ஒலி 0.04 செக்கனில் திரும்பிவிடும். அது தனியாகக் கேட்காது. ஆனால் நான்கு சுவர், தரை, கூரை என எல்லாப் பக்கமும் பட்டுப் பட்டு ஆயிரக்கணக்கான தெறிப்புகள் நெருக்கமாக வந்து, மூல ஒலி நின்ற பின்னும் ஒரு வால் போல நீண்டு தேயும். இதுவே எதிர்முழக்கம், ஒலிப்பதிவாளர் ‘ரிவேர்ப்’ என்பர். இவ்வால் 60 டெசிபெல் குறைய, அதாவது வீச்சம் ஆயிரத்தில் ஒன்றாகத் தேய எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஓர் இடத்தின் எதிர்முழக்கம் அளவிடப்படுகிறது.

ஒலிவாங்கியை வாய்க்கு அருகே வைத்துப் பதிவுசெய்த குரலில் இந்த வால் மிகக் குறைவு. அது காதருகே பேசுவது போல வறண்டு கேட்கும். இதை ‘உலர்’ ஒலி என்பர். மென்பொருளால் எதிர்முழக்கம் சேர்த்துக் கிடைப்பது ‘ஈர’ ஒலி. உலரும் ஈரமும் எந்த அளவில் கலக்கவேண்டும், எங்கே கலக்கவேண்டும் என்பதில்தான் இனி வரும் இரு முறைகளும் வேறுபடுகின்றன.

குழாயின் நடுவே ஒரு வடிகட்டி, எல்லா மலைக்கும் ஒரு தொழிற்சாலை

முதலாவது முறை இன்சேர்ட். லயத்துக்கு வரும் பீலித் தண்ணீரின் குழாய் நடுவே ஒரு வடிகட்டியைப் பொருத்தினால், வரும் தண்ணீர் முழுவதும் அதனூடாகவே போகவேண்டும். வேறு வழியில்லை. அதுபோலத் தடத்தின் நடுவே பொருத்தப்படும் விளைவு இன்சேர்ட் ஆகும். குரலில் உள்ள தேவையற்ற தாழ் மீடிறன் உறுமலை வெட்டுவது, சத்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வது போன்ற வேலைகளுக்கு இதுவே ஏற்றது. ஏனெனில் அங்கு திருத்தாத ஒலி நமக்குத் தேவையில்லை.

இரண்டாவது முறை செண்ட். ஒவ்வொரு மலையிலும் பறிக்கும் கொழுந்துக்கு அந்தந்த மலையிலேயே ஒரு தொழிற்சாலை கட்டுவதில்லை. கொழுந்து மடுவத்தில் நிறுத்து, லொறியில் ஏற்றி, எல்லா மலைக் கொழுந்தும் ஒரே தொழிற்சாலைக்குப் போகிறது. அதேபோல் ரிவேர்ப் விளைவை ஒரு தனித் தடத்தில் ஒருமுறை மட்டும் வைத்து, நான்கு தடங்களிலிருந்தும் வேண்டிய அளவு சமிக்ஞையை அதற்கு அனுப்பலாம். அனுப்பும் திருகி செண்ட் எனப்படும். பல தடங்களிலிருந்து வருவதைச் சேர்த்துக்கொள்ளும் அத்தனித் தடம் பஸ் எனப்படும். பல இடங்களில் நிறுத்தி ஆட்களை ஏற்றி ஓரிடத்துக்குக் கொண்டுபோவதால் பதுளை பஸ்ஸை நினைத்துக்கொண்டாலும் பிழையில்லை.

ஆனால் கொழுந்து உவமையில் ஒரு குறை உண்டு. மாணவர் பெரும்பாலும் பிழைவிடுவதும் இவ்விடத்திலேயே. லொறியில் ஏற்றிய கொழுந்து மலையில் மீதியிருப்பதில்லை. செண்ட் வழியே போவதோ சமிக்ஞையின் ஒரு பிரதி. மூலச் சமிக்ஞை தன் வழியே, ஒரு துளியும் குறையாமல், மாஸ்டர் தடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பஸ்ஸின் வெளியீடும் அதே மாஸ்டர் தடத்துக்கு வரும். இரண்டும் அங்கே கூட்டப்படும். “செண்டைக் கூட்டினால் மூல ஒலி குறையும்” என்ற கூற்று பிழையானது.

இதனால் மூன்று நன்மைகள் உண்டு என்று சுருக்கமாக எழுதிவிடலாம்: கணினியின் மத்திய செயற்பாட்டலகுக்கு நான்கு ரிவேர்ப்புக்குப் பதில் ஒன்றின் சுமைதான், ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாவற்றுக்கும் மாறும், நால்வரும் ஒரே இடத்தில் நின்று பாடியது போன்ற ஒருமை கிடைக்கும். ஆனால் நம் உதாரணத்தில் இவற்றைவிடப் பெரியது ஒன்றுள்ளது. உலர்ந்த மூலத் தடம் தொடப்படவில்லை. ஐந்து ஆண்டு கழித்து உங்களைவிடத் தேர்ந்த ஒருவர் வந்து, நீங்கள் சேர்த்த ரிவேர்ப்பை மூடிவிட்டு, மாஸ்டரின் குரலை அது பதிவானபடியே கேட்கலாம். எதிர்முழக்கத்தைக் கோப்பினுள்ளேயே கலந்து எழுதி, மூலத்தை அழித்துவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். பாலில் கலந்த தண்ணீரைப் போன்றது அது.

இம்முறை எங்கிருந்து வந்தது?

செண்ட் கணினியில் பிறந்ததன்று. இலண்டனில் 1931இல் திறக்கப்பட்ட அபே ரோட் கலையகத்தில் எதிர்முழக்கத்துக்கென்றே ஒரு வெற்று அறை இருந்தது. அறையின் ஒரு பக்கம் ஒலிபெருக்கி, இன்னொரு பக்கம் ஒலிவாங்கி. கலையகத்திலிருந்து ஒலியின் ஒரு பகுதியை அந்த அறைக்கு அனுப்பி, சுவர்களில் பட்டுத் திரும்பியதை ஒலிவாங்கி மூலம் எடுத்து மூலத்தோடு கலப்பர். 1947இல் சிக்காகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பொறியியலாளர், ஹார்மோனிகட்ஸ் என்ற குழுவின் பதிவுக்குக் கட்டடத்தின் குளியலறையையே இதற்குப் பயன்படுத்தினார். ஓடு பதித்த குளியலறையில் பாடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

1957இல் ஜேர்மனியில் இ.எம்.டி. 140 என்ற கருவி வந்தது. பெட்டியொன்றினுள் தொங்கவிடப்பட்ட மெல்லிய உருக்குத் தகட்டை அதிரச்செய்து, அவ்வதிர்வை எடுத்து எதிர்முழக்கமாகப் பயன்படுத்தினர். அறை தேவையில்லை, ஆனால் கருவியின் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். இப்படிப்பட்ட ஒன்றை ஒவ்வொரு தடத்துக்கும் வாங்கி வைக்க எந்தக் கலையகத்தாலும் முடியாது. இருப்பது ஓர் அறை அல்லது ஒரு தகடு. அதைப் பயன்படுத்தவேண்டிய குரல்களும் வாத்தியங்களும் பல. எனவே கலப்புப் பலகையில் (மிக்ஸர்) ஒவ்வொரு தடத்துக்கும் ‘அந்த அறைக்கு எவ்வளவு’ என்று தீர்மானிக்க ஒரு சிறு திருகி அமைத்தனர். இன்று திரையில் நீங்கள் காணும் செண்ட் திருகி அதன் படமே. அறை மென்பொருளாகிவிட்டது, வழி அப்படியே இருக்கிறது.

பேடருக்கு முன்னா, பின்னா?

செண்ட் பற்றிய வினாக்களில் புள்ளிகளைப் பிரிப்பது இப்பகுதி. பிரதியைத் தடத்தின் எவ்விடத்தில் எடுப்பது என்பது கேள்வி. பேடரைக் கடந்தபின் எடுத்தால் ‘பேடருக்குப் பிந்திய செண்ட்’ (போஸ்ட் பேடர்). பேடருக்கு முன்பே எடுத்தால் ‘பேடருக்கு முந்திய செண்ட்’ (பிரீ பேடர்).

தப்பின் பேடர் −6 டெசிபெல்லிலும் அதன் செண்ட் −10 டெசிபெல்லிலும் உள்ளன என்க. பிந்திய செண்டாயின் பஸ்ஸுக்குப் போவது −6 + (−10) = −16 டெசிபெல். தப்பு சத்தமாக இருக்கிறதென்று பேடரை −20க்கு இறக்கினால் பஸ்ஸுக்குப் போவதும் −30க்கு இறங்கும். மூலமும் வாலும் சேர்ந்தே குறைகின்றன. இரண்டின் விகிதம் மாறுவதில்லை. முந்திய செண்டாயின் பேடரை எங்கே தள்ளினாலும் பஸ்ஸுக்குப் போவது −10 டெசிபெல்தான். பேடரை முழுவதும் மூடினாலும் தப்பின் எதிர்முழக்கம் மட்டும் எங்கோ தூரத்து மலையில் அடிப்பது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆளில்லாத நிழல் போன்றது.

ஆகவே ரிவேர்ப் போன்ற விளைவுகளுக்குப் பிந்திய செண்டே வழமை. அப்படியானால் முந்திய செண்ட் எதற்கு? பதிவு நடக்கும்போது பாடுபவரின் ஹெட்போனுக்கு. பின்பாட்டுப் பாடும் இருவர் மாஸ்டரின் குரலையும் தாளத்தையும் ஹெட்போனில் கேட்டபடி பாடுகின்றனர். நீங்கள் இந்தப் பக்கம் இருந்து எதையோ சரிபார்க்கத் தாளத்தின் பேடரை இறக்குகிறீர்கள். ஹெட்போனுக்குப் போகும் செண்ட் பிந்தியதாக இருந்தால் அவர்களுக்கும் தாளம் நின்றுவிடும், பாட்டுத் தடுமாறும். முந்தியதாக இருந்தால் நீங்கள் செய்வது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. வயதான ஒருவரைப் பாட்டின் நடுவே நிறுத்தி “மறுபடி முதலிலிருந்து” என்று கேட்கும் சங்கடம் இதனால் தவிரும்.

இன்னொரு பிழை. பஸ்ஸில் வைக்கும் ரிவேர்ப்பில் ‘ஈரம்’ மட்டுமே வெளிவருமாறு அமைக்கவேண்டும்; ‘உலர்’ பகுதி முழுவதும் மூடப்படவேண்டும். உலர் ஒலிதான் மூலத் தடம் வழியாக ஏற்கெனவே மாஸ்டருக்குப் போகிறதே. பஸ் வழியாகவும் அது வந்தால் ஒரே ஒலி இருமுறை கூட்டப்படும்; செண்டைக் கூட்டும்போது எதிர்முழக்கத்தோடு சத்தமும் உயரும். “ரிவேர்ப் போட்டதும் பாட்டு நன்றாகிவிட்டது” என்று பலர் மகிழ்வது உண்மையில் சத்தம் கூடியதற்கே.

பாடசாலைக் கணினியில் செய்து பார்த்தல்

ரீப்பர், ஆர்டோர் போன்ற மென்பொருள்களில் செண்ட் நேரடியாக உண்டு. ஆர்டோர் திறந்த மூல மென்பொருள். ரீப்பரை 60 நாள் பரிசோதித்துப் பார்த்தபின் உரிமம் பெறவேண்டும். ரீப்பரில் பஸ்ஸுக்கெனத் தனி வகைத் தடம் கிடையாது. புதிய தடமொன்றைத் திறந்து, அதில் ரிவேர்ப்பை வைத்து, மற்றத் தடங்களின் ‘ரூட்’ பொத்தானிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்தால் அதுவே பஸ். அவ்விணைப்பு வழமையாகப் பேடருக்குப் பிந்தியதாகவே அமையும்.

ஆனால் பல பாடசாலைகளில் இருப்பது ஒடாசிட்டி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இலவச மென்பொருள் அது. விளைவுகளைக் கோப்பில் எழுதாமல், கேட்கும்போதே இயக்கும் வசதி 2022இல் வெளிவந்த 3.2ஆம் பதிப்பில்தான் அதற்குக் கிடைத்தது. அந்த 3ஆம் தொடர்ப் பதிப்புகளில் செண்டும் பஸ்ஸும் இல்லை. அதற்காக மனம் தளரவேண்டியதில்லை. செண்ட் என்பது பிரதியெடுத்தல், விளைவு சேர்த்தல், கூட்டல் என்ற மூன்று வேலைகள்தானே? அவற்றைக் கையாலேயே செய்யலாம்.

முதலில் செயற்றிட்டத்தை வேறொரு பெயரில் சேமித்து, மூலத்தை ஒரு பக்கம் பத்திரப்படுத்துங்கள். பின் நான்கு தடங்களின் அளவுகளையும், ரிவேர்ப்புக்கு யார் எவ்வளவு போகவேண்டுமோ அந்த விகிதத்தில் வையுங்கள்: குரல் கூடுதலாக, தப்பு மிகக் குறைவாக. நான்கையும் தெரிவுசெய்து, தடங்கள் பட்டியலில் உள்ள ‘மிக்ஸ் அண்ட் ரெண்டர் டு நியூ ட்ரெக்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், மூலத் தடங்கள் அப்படியே இருக்க, அவற்றின் கூட்டுத்தொகை ஐந்தாவது தடமாக வரும். இதுவே உங்கள் பஸ். அத்தடத்தை மட்டும் தெரிவுசெய்து ரிவேர்ப் விளைவைத் திறந்து, ‘வெட் ஒன்லி’ என்ற சிறு கட்டத்தில் சரி அடையாளம் இட்டுப் பிரயோகிக்கவும். இனி நான்கு மூலத் தடங்களையும் பாட்டுக்கு வேண்டிய அளவுகளுக்குத் திருப்பி வைத்து, ஐந்தாவது தடத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கேளுங்கள்.

இதன் குறைபாடும் தெளிவு. ஐந்தாவது தடம் எழுதி முடிந்த ஒன்று. பின்னர் தப்பின் அளவைக் குறைத்தாலும் அதன் எதிர்முழக்கம் குறையாது. பேடருக்கு முந்திய செண்டின் நடத்தை இதுதான் என்பதை நீங்களே உணர்வீர்கள். அளவை மாற்றினால் ஐந்தாவது தடத்தை அழித்து மீண்டும் செய்யவேண்டும். மூலத் தடங்கள் உலர்ந்தபடியே இருப்பதால் எத்தனை முறை செய்தாலும் நட்டமில்லை.

எவ்வளவு போதும்?

தப்பு தோற்கருவி. அடிக்குமுன் தீயில் காய்ச்சுவதால் தோலின் இழுவிசை கூடி, சுருதி உயர்கிறது. அதன் அழகு ஒவ்வோர் அடியும் வெட்டியெடுத்தது போல ஒலிப்பதில் உண்டு. அதற்கு 3 செக்கன் எதிர்முழக்கம் கொடுத்தால் ஓர் அடியின் வால் தேயுமுன் அடுத்த பல அடிகள் விழுந்து, எல்லாம் ஒரே இரைச்சலாகும். குரல் நீண்ட ஒலிகளால் ஆனதால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். செண்ட் முறையில் ஒவ்வொரு தடத்துக்கும் தனித் திருகி இருப்பது இதற்காகவே.

மேலும் காமன் கூத்து மண்டபத்தில் ஆடப்படுவதன்று. அது காமன் பொட்டலில், திறந்த வெளியில் நடப்பது. அங்கு சுவர்களின் எதிர்முழக்கம் இல்லை. மென்பொருளில் ‘பெரிய மண்டபம்’, ‘தேவாலயம்’ என்ற பெயர்களில் தயாராக இருக்கும் அமைப்புகளைத் தெரிவுசெய்தால் பாட்டு கம்பீரமாகக் கேட்கலாம்; ஆனால் அது காமன் பொட்டலின் ஒலி ஆகாது. குறுகிய எதிர்முழக்கத்தை, மூடினால் மட்டுமே வித்தியாசம் தெரியும் அளவுக்குச் சேர்ப்பதே இவ்வகைப் பதிவுக்குப் பொருத்தம் என்பது எமது கருத்து. ஆவணமாகப் பேணும் கோப்பில் அதுவும் வேண்டாம்.

செண்டால் தீர்க்க முடியாதவையும் உண்டு. நால்வரும் ஒரே அறையில் அருகருகே இருந்தால் தப்பின் சத்தம் மாஸ்டரின் ஒலிவாங்கிக்குள்ளும் புகும். பிறகு குரலின் செண்டைத் திறக்கும்போது அதனோடு தப்பும் ரிவேர்ப்புக்குப் போகும். தப்பின் செண்டை மூடியும் பயனில்லை. தப்படிப்பவரைத் தள்ளி உட்காரவைப்பதே மருந்து. தகரக் கூரையில் மழை விழும் நேரத்தில் பதிவுசெய்தால் மழையும் பாடும். அதேபோல் பஸ்ஸின் வெளியீட்டை மீண்டும் அதே பஸ்ஸுக்கு அனுப்பினால் சமிக்ஞை சுற்றிச் சுற்றிப் பெருகும். பாடசாலை விழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் எழும் கீச்சொலி இதுவே. ரீப்பர் இவ்வாறான சுற்று இணைப்பை, நாம் விரும்பி அனுமதித்தாலன்றி, ஏற்பதில்லை.

மாதிரி வினா

ஒரு பதிவில் மாஸ்டரின் குரல் தடத்தின் பேடர் −4 டெசிபெல்லிலும், ரிவேர்ப் பஸ்ஸுக்கான செண்ட் −12 டெசிபெல்லிலும் உள்ளன. செண்ட் பேடருக்குப் பிந்தியது.

(அ) பஸ்ஸை அடையும் அளவு யாது?
(ஆ) பேடரை −9 டெசிபெல்லுக்கு இறக்கினால் அது யாதாகும்?
(இ) செண்டை பேடருக்கு முந்தியதாக மாற்றினால் (அ), (ஆ) இரண்டுக்கும் விடை யாது?
(ஈ) மாணவன் ஒருவன் குரல் தடத்தை முற்றாக மூடியபின்னும் குரலின் எதிர்முழக்கம் கேட்கிறது. செண்ட் எவ்வகையினது? காரணம் தருக.

விடை: (அ) −4 − 12 = −16 டெசிபெல். (ஆ) −9 − 12 = −21 டெசிபெல். (இ) இரண்டிலும் −12 டெசிபெல். பிரதி பேடருக்கு முன்பே எடுக்கப்படுவதால் பேடரின் நிலை அதைப் பாதிக்காது. (ஈ) பேடருக்கு முந்தியது. பேடர் மூடப்பட்டாலும் அதற்கு முன்னிருந்து எடுத்த பிரதி பஸ்ஸை அடைந்து, அங்கிருந்து மாஸ்டர் தடத்துக்குச் செல்கிறது. “ரிவேர்ப் கூடிவிட்டது” என்று மட்டும் எழுதினால் (ஈ)க்குப் புள்ளி கிடைக்காது. பிரதி எடுக்கப்படும் இடத்தைக் குறிப்பிடவேண்டும்.